வான்கதவின் கைக்குள் இருந்த இழுவை

உங்கள் மேசைகளில் இருக்கும் கணினிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். நான் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து வாங்கிய விடையை நீங்கள் தேநீர் ஆறுவதற்குள் வாங்கிவிடுகிறீர்கள். வாங்கிய கையோடு நம்பியும் விடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல் என்றால் பாராட்டு விழாவைப் பற்றிச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. வன்னியில் ஒரு குளத்துக்கு வான்கதவு இருந்தது, குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் இரும்புக் கதவு. அதைத்தான் சொல்லப்போகிறேன், கேட்க நன்றாக இருக்காது.

புதிதாய் வந்தவர்களுக்காக ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பை உருக்கி ஒட்டும்போது, அதாவது வெல்டிங் செய்யும்போது, உருகிய இடம் ஆறிச் சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறி ஒட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே ஒரு பாரமும் ஏற்றாமலே அந்த இரும்பு உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும். அதைத்தான் எஞ்சிய தகைப்பு என்கிறோம். வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் வெட்டிய பிறகு பார்ப்பதற்குக் கதவு இருக்காது. ஆகவே காதுக்குக் கேட்காத கழியொலியை இரும்பின் தோலோடு ஓடவிட்டு, அது எப்போது மறுபக்கம் வந்து சேருகிறது என்று அளக்கிறோம். இழுபட்ட இரும்பில் அலை ஒரு துளி பிந்தும். பிறகு கணினிக்குள் அதே இரும்பை வரைந்து, அதே அலையை ஓட்டி, இழுவையைக் கூட்டிக் குறைத்து, இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும்வரை பார்க்கிறோம். சேர்ந்ததென்றால் அந்த இழுவைதான் இரும்புக்குள் இருக்கிறது என்று சொல்லுகிறோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரும்பின் இனம் மாறினாலும் அலை பிந்தும். அதனால் அளக்கப்போகும் அதே இரும்பில், இழுவை ஏறாத துண்டு ஒன்று கையில் வேண்டும். அதில் அலை ஓடும் வேகம்தான் நமக்குத் தொடக்கப் புள்ளி. அந்தத் துண்டு பிழையென்றால் அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே பிழை, எவ்வளவு கவனமாகச் செய்தாலும்.

2005 கடைசியில் என்னை முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்துக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். சண்டை ஓய்ந்து, வன்னிக்குள் போகும் பாதை திறந்திருந்த காலம். எங்கே பார்த்தாலும் திருத்த வேலை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என் மடிக்கணினியை ஒரு பக்கமும், அலையைக் காட்டும் திரைப்பெட்டியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டார்கள். இரும்புக்கு வருத்தம் பார்க்கிற பெட்டி என்று சொன்னேன். சிரித்துவிட்டு, காலையிலிருந்து பின்னேரம்வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள்.

அந்தக் குளத்தின் வான்கதவு ஒன்றைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக் கை, பழைய சண்டையில் ஷெல் பட்டு வளைந்திருந்தது. பாதை திறந்த கையோடு உள்ளூர்க்காரர் ஒருவர் அதை நிமிர்த்தி, பக்கவாட்டில் தடித்த பட்டைகள் வைத்து ஒட்டியிருந்தார். அவர் பெயர் யோகராசா. தண்ணீரூற்றில் ஒட்டுப் பட்டறை வைத்திருந்தார். அதே குளத்தின் கடைசி வாய்க்காலில் வயலும் இருந்தது. நான் அவரை யோகண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார், ஏதோ நான் அவருக்குக் கணக்குப் படிப்பித்தவள் போல.

அவர் போட்ட ஒட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மணி மணியாக, ஒரே சீராக, அவசரம் தெரியாமல் இருந்தது. ஆனால் கண்ணுக்கு அழகான ஒட்டுக்குள்ளும் இழுவை இருக்கும். அந்த மழைக்குக் கதவை மூடிக் குளத்தை முழுக்க மறிக்கலாமா என்பதுதான் கேள்வி. அதுவரை பயத்தில் பாதிக்கு மேல் மறிக்காமல் விட்டிருந்தார்கள். முழுக்க மறித்தால் மழைக்கால நெல்லான காலபோகம் வெட்டிய பிறகும் குளத்தில் தண்ணீர் இருக்கும், கடைசி வாய்க்கால்வரை கோடை நெல்லான சிறுபோகம் விதைக்கலாம். மறித்த பிறகு கை விட்டுக்கொடுத்தால் ஆற்றங்கரையில் இருக்கும் குடியிருப்பு போய்விடும்.

“யோகண்ணை, கையில போட்ட பட்டை என்ன இரும்பு?” என்று கேட்டேன்.

“புதுத் தகடு மிஸ். பாதை திறந்தவுடன வவுனியாவில இருந்து எடுப்பிச்சது.”

“மிச்சத் துண்டு ஏதும் கிடக்குதோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கிடக்கும். தேடி எடுத்துக்கொண்டு வாறன்.”

அடுத்த நாள் சைக்கிள் கரியரில் ஒரு தடித்த தகட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே மகளும் வந்தாள். சுகந்தி. உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்பட்டவள், அங்கே ஒழுங்கான ஆசிரியர் இல்லாமல் தானாகவே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் திரையில் அலை ஊர்ந்து போவதைப் பார்த்து, கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

“மிஸ், அலை ஒட்டுக்குக் கிட்ட வந்து ஏன் கலையுது?”

“அங்க இரும்பு ஒரு மாதிரி இல்லை. அதால கொஞ்சம் இஞ்சால திரும்பும், கொஞ்சம் அங்கால போகும்.”

“அப்ப திரும்பி வாறதை வைச்சும் உள்ளுக்க என்ன இருக்கெண்டு சொல்லலாம் என்ன?”

எனக்கு அந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில்தான் வந்தது. யோகண்ணையைப் பார்த்து, இவளை இங்கே வைத்திருக்காதீர்கள் என்று சொன்னேன். வாய் சும்மா இருக்காத பழக்கம் எனக்கு அன்றும் இருந்தது.

“அதுதான் மிஸ் யோசினை,” என்றார். “என்ர அக்கா வவுனியாவில இருக்கிறா. இந்தச் சிறுபோகம் வெட்டினா இவளை அங்க கொண்டுபோய் விட்டுப் படிப்பிப்பன். இங்க எப்ப என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? வயல் விளைஞ்சாத்தான் வழி. பட்டறையை நம்பிப் பிள்ளையை அனுப்பேலாது.”

ஆகவே எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அந்தத் தண்ணீர் யாருக்கு என்னவாக இருந்தது என்று. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

அவர் கொண்டுவந்த துண்டில் வேகத்தை அளந்தேன். பிறகு கையில் ஏறி, பட்டையின் மேல் ஒட்டுக்கு அருகே அளந்தேன். அலை பிந்தியது. கொஞ்சமாகப் பிந்தியிருந்தால் வழக்கமான இழுவை என்று விட்டிருப்பேன். அது நன்றாகவே பிந்தியது. வெயில் சூட்டில் அலை பிந்தும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மழை மூட்டத்தில், இரும்பு குளிர்ந்திருக்கும்போது மறுபடி அளந்தேன். அதே பிந்தல். கருவியில் குறையோ என்று துண்டை மறுபடி அளந்தேன். துண்டு முன்பு சொன்னதையே சொன்னது.

குளத்துக்குப் பொறுப்பான பொறியியலாளரின் விடுதியில் மேசையைப் போட்டு, ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி, கணினிக்குள் அலையை ஓட்டினேன். சிறிய இழுவை கொடுத்தால் கணினி அலை முந்திக்கொண்டு வந்தது. கூட்டினேன், அப்போதும் முந்தியது. இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. கச்சிதமாகப் படிந்தன. அப்படிப் படியும்போது வரும் சந்தோஷம் உங்களுக்கும் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், பிள்ளைகளே. அலைகள் படிந்துவிட்டால் நாங்கள் கொடுத்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகின்றன என்றுதான் பொருள். நாங்கள் கொடுத்தது உண்மை என்று அது சொல்வதில்லை.

இதற்குள் மழை பிடித்துவிட்டது. வன்னி மழை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குளம் கண்முன்னாலேயே ஏறியது. பொறியியலாளர் குடையும் இல்லாமல் வந்து வாசலில் நின்றார்.

“மிஸ், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மறிக்கிறதோ, திறக்கிறதோ?”

“இன்னொருக்கா ஓட்டிப் பார்க்கவேணும்.”

“நீங்கள் ஓட்டி முடிக்கிறதுக்குள்ள தண்ணி கையை எட்டிப்போடும். பிறகு உங்கடை விடையை ஆருக்குச் சொல்லப்போறியள்?”

குளக்கட்டில் விவசாயிகள் கூடியிருந்தார்கள். உரப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். யோகண்ணையும் நின்றார். நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“யோகண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்தத் துண்டு அந்தப் பட்டையில மிஞ்சினதுதானே?”

“ஓம் மிஸ்.”

“நிச்சயமா?”

“நான் ஒட்டின இரும்பு எனக்குத் தெரியாதே? புதுத் தகடு. நல்ல சாமான். பயப்பிடாமல் மறியுங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வயலை நினைக்கிறார் என்று நினைத்தேன். நல்ல இரும்பில் இவ்வளவு இழுவை இருக்கிறதென்றால் அது எந்த நேரமும் விட்டுக்கொடுக்கும் என்பதுதான் என் கணக்கு. ஆற்றங்கரைக் குடியிருப்பின் கூரைகள் குளக்கட்டிலிருந்து தெரிந்தன. ஒரு வீட்டுக் குசினியில் இருந்து மழைக்குள்ளும் புகை வந்துகொண்டிருந்தது. நான் பொறியியலாளரிடம் திரும்பிச் சொன்னேன்.

“திறவுங்கோ.”

திறந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு கடலுக்குப் போனது. அடுத்த மழைக்கு மறுபடி நிரம்பும் என்று எல்லோரும் எண்ணினோம். அடுத்த மழை வரவில்லை. அந்தப் பருவத்துக்கு அதுதான் பெரிய மழையாக இருந்தது. பங்குனியில் கூட்டம் வைத்து, கடைசி வாய்க்காலுக்குச் சிறுபோகத் தண்ணீர் இல்லை என்று முடிவெடுத்தார்கள். கூட்டத்தில் ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்த மிஸ் பெட்டிக்குள்ள ஒரு குளத்தைப் பார்த்து, வெளியில கிடந்த குளத்தை வெறுமையாக்கிப்போட்டா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோகண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னோடு சண்டைக்கு வரவும் இல்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது, அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கதவு உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். உடையவிடாமல் நீங்கள் தடுத்தால், அது உடைந்திருக்கும் என்பதற்குச் சாட்சியே கிடையாது. நீங்கள் தடுத்ததால் வந்த நட்டம் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த நட்டத்தோடு ஒரே ஊரில், ஒரே கடையில் தேநீர் குடிக்கவேண்டியும் வரும்.

சில மாதங்களில் மறுபடி சண்டை மூண்டு, பாதை பூட்டப்பட்டது. அப்போது நான் வவுனியாவில் நின்றதால் இந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டேன். அவர்கள் அந்தப் பக்கம். அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொல்லவும் என்னால் ஏலாது.

2009 இல், போருக்குள்ளிருந்து தப்பி வந்த சனத்தை வைக்க வவுனியாவில் முகாம்கள் வந்தன. முட்கம்பிக்குள் தண்ணீர்த் தாங்கிகளைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் கால்களைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு போனேன். தாங்கியின் கீழே வாளிகளோடு நீண்ட வரிசை. அந்த வரிசையிலிருந்து ஒருவர் விலகி வந்து, “மிஸ்” என்றார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். முகம் யோகண்ணையின் முகமாக இல்லை.

வாய் சும்மா இருக்காதவள் என்று சொன்னேன் அல்லவா. முதலில் கேட்டது அதைத்தான். “சுகந்தி எங்கை?”

“உடையார்கட்டில, மிஸ். தண்ணி எடுக்கப் போன இடத்தில ஷெல் விழுந்தது.”

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வரிசையைப் பார்த்தார்கள். அங்கே அழுகை யாருக்கும் புதினம் இல்லை.

வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார். “மிஸ், உங்களிட்ட ஒரு கதை சொல்லவேணும். அந்தக் கைக்குப் போட்டது புதுத் தகடு இல்லை.”

“பின்னை?”

“தண்டவாளம். நடுத்தகட்டை வெட்டி, உரஞ்சி, சிவப்பு மை அடிச்சுப் போட்டனான். இயக்கக்காரர் ரெயில் பாதையைக் கிளப்பிப் பதுங்குகுழிக்கு மேல அடுக்கி வைச்சவையெல்லோ, அதில கொஞ்சம் எடுத்தனான். தகடு வரப் பிந்திப்போச்சு, மழை வருகுது, என்ன செய்யிறது?”

“அப்ப எனக்குத் தந்த துண்டு?”

“அது, இடம்பெயர்ந்து போய்த் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் முதலாளிக்கு அரிசி ஆலை எஞ்சினுக்கு அடித்தளம் செய்து மிஞ்சினது. புது இரும்பெண்டால் நல்லதெண்டு எழுதுவியள், தண்ணியை மறிப்பினம் எண்டு நினைச்சன். திறக்கச் சொல்லுவியள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. பிறகு சொல்லவும் பயம். பதுங்குகுழி இரும்பில கை வைச்சவன் எண்டு தெரிஞ்சா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

எனக்குத் தெரியும். அந்த நாளில் எல்லோருக்கும் தெரியும். கதவைப் பலமானதென்று காட்டத்தான் அந்த மனுசன் பொய் சொல்லியிருந்தார். என் கணக்குக்குள் போனதும் அந்தப் பொய் நேர்மாறாக வேலை செய்துவிட்டது. தண்டவாள இரும்பில் அலை இயல்பாகவே மெதுவாக ஓடும். அந்த மெதுவை நான் அரிசி ஆலைத் தகட்டோடு ஒப்பிட்டு, இல்லாத இழுவையாகப் படித்திருக்கலாம். இப்போது உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். ஒப்பீட்டுத் துண்டை நீங்களே நின்று, உங்கள் கண்முன்னால் வெட்டியெடுங்கள். கொண்டுவந்து தருபவர் கடவுளாக இருந்தாலும் வாங்காதீர்கள். பயந்த சனத்திடம் உண்மையைக் கேட்டு வாங்கலாம் என்று நினைப்பது நம்முடைய திமிர். பயப்படாத இடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்க நேரம் எடுக்கும்.

யோகண்ணை வாளியைக் கீழே வைத்தார்.

“மிஸ், ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ. நான் தண்டவாளமெண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தா, தண்ணியை மறிச்சிருப்பியளோ?”

மறித்திருந்தால் சிறுபோகம். சிறுபோகம் வெட்டியிருந்தால், பாதை பூட்ட முன்னர் சுகந்தி வவுனியாவில் அத்தை வீட்டில். இந்தக் கணக்கைப் போட அவருக்குக் கணினி தேவைப்படவில்லை. அவர் அதை எத்தனை தரம் போட்டிருப்பார் என்று அவரது கண்ணில் தெரிந்தது.

குளக்கட்டில் எனக்குக் கிடைத்த அவகாசம் பெரிது என்று அப்போதுதான் விளங்கியது. இங்கே மூச்சை இழுத்து விடும் நேரம்தான்.

“இல்லை, யோகண்ணை,” என்றேன். “தண்டவாளமெண்டு சொல்லியிருந்தா நான் அளக்காமலே திறக்கச் சொல்லியிருப்பன். அந்த இரும்பை முதல்ல சூடாக்காமல் அப்பிடி ஒட்டக்கூடாது. ஒட்டுக்குப் பக்கத்தில பீங்கான் மாதிரி வெடிக்கும். நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் தண்ணி போயிருக்கும்.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். வேலை தெரிந்த மனுசன். நான் சொன்னதைத் தன் கைகளுக்குள் வைத்துப் பார்ப்பது தெரிந்தது.

“அப்ப நான் செய்த வேலைதான் பிழை. மறிச்சிருந்தா ஆத்தங்கரைச் சனத்தை நான் கொண்டிருப்பன்.”

“ஓம்.”

வரிசை நகர்ந்தது. அவர் வாளியை எடுத்தார்.

“அது பரவாயில்லை, மிஸ்,” என்றார். “அதைத் தாங்கலாம்.”

அவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

நான் சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். தண்டவாளத்தைச் சூடாக்காமல் ஒட்டினால் வெடிக்கக்கூடும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கையில், அந்த ஒட்டில், அந்த மனுசனின் கைப்பக்குவத்தில் வெடித்திருக்குமா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் சூடாக்கினாரா என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். போர் முடிந்து நான் அந்தக் குளத்துக்குப் போவதற்குள் பழைய கதவைக் கழற்றி, கைகளைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக் கடைக்கு ஏற்றிவிட்டார்கள். இனிமேல் அதை அறிய ஒரு வழிதான் இருக்கிறது. அன்று நான் அளந்த நேரங்கள் எனக்கு மனப்பாடம். தண்டவாள இரும்பில் அலையின் வேகம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். உங்கள் கணினியில் கொடுத்தால் ஒட்டுக்குள் உண்மையில் எவ்வளவு இழுவை இருந்தது, தண்ணீரை மறித்திருக்கலாமா என்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடும்.

சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார் என்று இந்த அறையில் உள்ள பலருக்கும் சொல்லித் தந்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் நான் ஓட்டவில்லை. அந்த எண்களை உங்களுக்குத் தரவும் மாட்டேன்.